ஓட்டுநர் பக்க உறை

வண்டிக் கண்ணாடிக்கு உறை மாட்டுவது பெரிய வித்தை இல்லை, ஐயா. கை சுத்தமாக இருக்க வேண்டும், அவசரம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்த இரண்டும் உள்ள ஆள்தான் வலைபோட்டுத் தேடினாலும் கிடைப்பதில்லை.

உங்களைப் பார்க்க நேற்றே ஸ்டேஷனுக்கு வந்தேன். விபத்துதான், எல்லாம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போய்த் தங்கையைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நீங்களாவது உட்காரச் சொன்னீர்களே, நன்றி. அந்தச் சன்னல் திரையின் கயிற்றை யாரோ ஆணியில் ஒப்புக்குச் சுற்றி வைத்திருக்கிறார்கள். பேசி முடிக்கும்வரை அது என் கண்ணை உறுத்திக்கொண்டுதான் இருக்கும். பரவாயில்லை. நான் வந்தது வேறு விஷயத்துக்கு. என் தங்கை வண்டியைப் பின்னுக்கு எடுத்தபோது அவள் கணவர் மதிலுக்கும் வண்டிக்கும் நடுவில் சிக்கி இறந்துபோனார் அல்லவா, அன்றைக்குக் கண்ணாடி உறை காற்றில் தானாகக் கழன்று விழுந்தது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அது தப்பு. நான் தைத்த உறை தானாக விழாது. ஏன் விழாது என்று சொல்லத்தான் வந்தேன்.

நானும் தங்கையும் வீட்டு வண்டிகளை வாடகைக்கு விடுகிறோம். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஓட்டிக்கொண்டு போய்ப் பிடித்த இடத்தில் நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம். கேரவன், மோட்டார்ஹோம் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். தங்கைக்கு ஓட்டத் தெரியும், நாலு பேரிடம் பேசத் தெரியும். எனக்குத் தைக்கத் தெரியும். அதற்கு முன்னால் கார் சீட்டு உறை தைக்கிற கடையில் இருந்தேன். மெத்தை உறை, திரை, வெயிலுக்கு இழுத்துக் கட்டுகிற கூடாரத் துணி, எதுவானாலும் என் தையல் மிஷினைத் தாண்டித்தான் வண்டிக்குள் போகும். பெருக்கிக் கழுவித் துடைத்து வாடிக்கையாளர் கையில் சாவி போகும்வரை வண்டி என் பொறுப்பு.

வீட்டு வண்டியின் பக்கக் கண்ணாடி கார்க் கண்ணாடி மாதிரி சின்னதாக இருக்காது. சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிசு. வண்டியிலிருந்து ஓர் இரும்புக் கை நீண்டு, அதன் நுனியில் நிற்கும். வண்டியின் உடம்பு அகலம் என்பதால் அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் ஓட்டுகிறவருக்குப் பின்னால் நடப்பது எதுவும் தெரியாது. நிற்கிற வண்டியில் முதலில் கெடுவதும் அதுதான். வெயிலில் ரசம் போகும். குருவி தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துக் கொத்து கொத்து என்று கொத்தி அசிங்கம் பண்ணும். பக்கத்தில் நிறுத்த வருகிறவர் உரசிவிட்டு, ஒன்றும் அறியாத முகத்தோடு இறங்கிப் போவார். அதற்காகத்தான் உறை.

கடையில் விற்கிற உறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விளிம்பில் ரப்பர் வைத்த ஒரு பை. குளிக்கும்போது பெண்கள் தலையில் மாட்டுகிற தொப்பிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் தைப்பது வேறு. வெளியே தார்ப்பாய்த் துணி, நடுவில் பஞ்சு, கண்ணாடியில் படுகிற பக்கம் பழைய பனியன் மாதிரி மெத்தென்ற துணி. முதலில் கண்ணாடியைத் துடைத்துக் காயவிட வேண்டும். தூசியோடு மாட்டினால் உறையே கண்ணாடியைக் கீறிவிடும். பிறகு கீழிருந்து மேலாக ஏற்ற வேண்டும். இரும்புக் கை வருகிற பக்கத்தில் துணியில் ஒரு பிளவு விட்டிருப்பேன். அந்த இரும்புக் கையைப் பிளவுக்குள் உட்கார வைத்து, ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டையால் மூடி, அடியில் ஓடும் நாடாவை இழுத்துக் கையைச் சுற்றி வளைத்து முடிச்சுப் போட வேண்டும்.

இந்தப் பிளவுதான் முக்கியம், ஐயா. ஓட்டுநர் பக்க உறைக்குப் பிளவு ஒரு பக்கம் இருக்கும்; எதிர்ப்பக்க உறைக்கு மறுபக்கம் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். மாற்றி மாட்டினால் கை உட்காராது, நாடாவைச் சுற்ற இடமும் கிடைக்காது. அதனால் ஓட்டுநர் பக்க உறையின் உள்விளிம்பில் ஒரு சட்டைப் பொத்தான் தைத்து வைப்பேன். தடவிப் பார்த்தாலே போதும்.

முடிச்சு நான் கண்டுபிடித்தது இல்லை. கூடாரம் கட்டுகிறவர்கள் போடுவது. நாடாவில் எந்த இடத்தைப் பிடித்து இழுத்தாலும் இறுகும். ஒரு குட்டை நுனி மட்டும் தனியாக நிற்கும். அதைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் எல்லாம் அவிழ்ந்துவிடும். காற்று எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கட்டும். அந்த நுனியைத் தேடிப் பிடித்து இழுக்கக் காற்றுக்கு விரல் கிடையாது.

தொழில் தொடங்கிய புதிதில் ஒரு காரியம் நடந்தது. வண்டியின் பின்னால் மண்டியிட்டுக் கழிவுநீர்க் குழாயை மாட்டிக்கொண்டிருந்தேன். நான் அங்கே இருப்பது தெரியாமல் தங்கை வண்டியைப் பின்னுக்கு எடுத்துவிட்டாள். நான் பக்கவாட்டில் உருண்டு தப்பினேன். குழாய் நசுங்கிப்போனது. அவள் இறங்கி வந்து குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே அழுதாள். அன்று முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

அவளுக்காகத்தான் அந்த விதியை வைத்தேன். புறப்படும் முன் எதிர்ப்பக்க உறையை யார் வேண்டுமானாலும் கழற்றலாம். ஓட்டுநர் பக்க உறையை அப்படிக் கண்டவர் கழற்றக் கூடாது. பின்னால் வேலை செய்கிறவர் வேலையை முடித்துவிட்டு, தானே முன்னால் வந்து, தன் கையாலேயே அதைக் கழற்றி, ஓட்டுகிறவர் கையில் கொடுக்க வேண்டும். கண்ணாடியில் உறை இருக்கிறவரை வண்டி அங்குலம்கூட அசையக் கூடாது. எடுக்கலாமா என்று யார் என்னிடம் கேட்டாலும் சரி, ஆமாம், இல்லை என்று நான் சொன்னதே கிடையாது. கண்ணாடியைப் பார் என்பேன். எப்போதும் அதே பதில்தான். வாய்ப்பேச்சில் தப்பு வரும், உறையில் வராது. தங்கைக்கு மறுபடி தைரியம் வந்தது அந்த உறையால்தான். உறை இருக்கிறபோது வண்டியை எடுக்கக் கூடாது என்பதை அவள் ஒரு நாளும் மீறியதில்லை. அன்றைக்கும் மீறவில்லை. இதை அவளுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

பிறகு அவளுக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். சிரித்த முகம். வண்டி எடுக்க வருகிற குழந்தைகளுக்கு அவரைக் கண்டால் ஒரே கொண்டாட்டம். எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது அலுவலக அறையைப் பூட்டிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஊசியில் நூல் கோர்க்கச் சிரமப்படுகிறேன் என்று அவராகவே என்னைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். நான் கேட்கவில்லை. கேட்காமலே செய்கிற மனிதர்.

ஆனால் எந்த வேலையைக் கொடுத்தாலும் ஏனோதானோதான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு கையால் உறை மாட்டுவார். துடைக்கமாட்டார். பொத்தானைத் தடவிப் பார்க்கமாட்டார். நாடாவை ஷூவுக்குக் கட்டுவதுபோல ஒரு பூ முடிச்சு போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். ஷெட்டை மூடிய பிறகு நான் ஒவ்வொரு வண்டியாகப் போய் அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். மறுநாள் அவர் திரும்ப அதே பூ முடிச்சு. சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டால்கூடப் பரவாயில்லை. அவர் வாங்கி, அதை ஒரு நகைச்சுவையாக்கித் திருப்பிக் கொடுப்பார்.

“கண்ணாடிக்கெல்லாம் சட்டை தச்சுப் போட்டாச்சு. அடுத்து டயருக்கு சாக்ஸா மச்சான்?”

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். எனக்கு முடிச்சு என்று பெயர் வைத்தார். முடிச்சுகிட்ட கேளுங்க, முடிச்சு வர்ற நேரம் என்று வாடிக்கையாளர்களிடமே சொல்வார். தங்கை அதட்டுவாள், அதட்டும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும். என் கூடப்பிறந்தவள், ஐயா. அந்த உறையால் பிழைத்தவள். அவளும் சிரித்தாள்.

எல்லாவற்றையும்விட எனக்கு வயிறெரிந்தது ஒரு விஷயத்தில். உறையைக் கழற்றி அவள் கையில் கொடுக்க வேண்டும் என்றேன் அல்லவா? மாப்பிள்ளை கொடுக்கமாட்டார். கழற்றித் தண்ணீர்க் குழாயின் மேல் தொங்கவிடுவார். பானட்டின் மேல் வீசுவார். சில நாள் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் முன்னால் போய் நிற்பார். நாளாக நாளாக அவளுக்கும் கையில் வாங்குகிற பழக்கம் விட்டுப்போனது. கண்ணாடியில் உறை இல்லை என்றால் வண்டியை எடுத்துவிடுவாள். இது ஆபத்து, வேண்டாம் என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். உட்கார வைத்துச் சொன்னேன். அந்த ஒரு பழக்கத்தை மட்டும் அவர் காப்பாற்றியிருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார். இதில் என்மேல் என்ன குற்றம் சொல்ல முடியும்?

“விடுண்ணா,” என்பாள் தங்கை. “துணிதானே. அவருக்குத் தெரிஞ்ச மாதிரி கட்டட்டும்.”

துணிதானே. அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எத்தனையோ நாள் சாப்பிட உட்கார்ந்திருக்கிறேன். பாதித் தட்டோடு எழுந்துவிடுவேன்.

சமீபத்தில் ஒரு பெட்டி நிறைய கடை உறைகளை வாங்கி வந்து என் தையல் மிஷின் மேல் வைத்தார். என் மிஷின் மேல். உங்க கண்ணுக்கு ஏன் கஷ்டம், இனிமே இதைப் போட்டுக்கலாம் என்றார். தங்கையும் கொஞ்ச நாள் போட்டுத்தான் பார்ப்போமே என்றாள். நான் தைத்ததையெல்லாம் மடித்து அலமாரியில் வைத்தேன். முதல் காற்றிலேயே கடை உறை ஒன்று பறந்து பக்கத்து மதிலுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. மாப்பிள்ளை அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நின்றேன். “அதுக்கு நம்ம ஷெட் பிடிக்கல போல மச்சான்,” என்று சிரித்தார். மறுநாள் என் உறைகள் எல்லாம் அலமாரியிலிருந்து வண்டிகளுக்குத் திரும்பியிருந்தன. ஜெயித்தது நான்தான். ஆனால் ஜெயித்தேன் என்று எனக்குத் தோன்றும்படி யாரும் நடந்துகொள்ளவில்லை.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் இது நடந்தது. வண்டி ஒன்று காலையில் திரும்பி வந்தது. முற்பகலே இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். அவர்கள் பெட்டி படுக்கையோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளை வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளைத் துடைத்து உறை மாட்டினார். உள்ளே நான் சுத்தம் செய்தேன். வெளியே அவர் தண்ணீர் நிரப்பினார். பாக்கி இருந்தது கழிவுநீர் வேலை மட்டும். அந்த வால்வு வண்டியின் பின்னடியில் இருக்கிறது, அங்கே இருக்கிறவர் பக்கக் கண்ணாடியில் தெரியமாட்டார். மண்டியிட்டால்தான் கை எட்டும். பின்னால் கொஞ்சம் இடம்தான், அதற்கப்பால் மதில். முன்னால் அலுவலக அறையின் படி இடிக்கும். அதனால் வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துத்தான் வாசல் பக்கம் திருப்ப வேண்டும். பின்பக்கக் கேமரா இருக்கிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் சைக்கிள்களை ஏற்றிய பிறகு அதில் சக்கரத்தின் கம்பிகளைத் தவிர ஒன்றும் தெரியாது. இவையெல்லாம் நீங்கள் நேரில் வந்து பார்த்தவைதான்.

தங்கை சாவியோடு வந்தாள். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் உறை இல்லை. ஏறினாள், பின்னுக்கு எடுத்தாள். சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. பழையபடி குழாயைத்தான் நசுக்கிவிட்டோம் என்று முதலில் நினைத்தாளாம்.

உறை தரையில், கண்ணாடிக்கு நேர் கீழே கிடந்தது. எதிர்ப்பக்க உறை மாப்பிள்ளையின் இடுப்பில் செருகியிருந்தது. இரண்டையும் உங்கள் ஆட்கள் ஒரே பையில் போட்டு எடுத்துப் போனார்கள். உறை இருந்ததா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். தங்கையும் என் தோளைப் பிடித்து உலுக்கி அதையேதான் கேட்டாள். இல்லம்மா, உறை இல்லை என்றேன். அவள் ஏறும்போது இல்லைதான். நான் பொய் சொன்னது கிடையாது, ஐயா. யார் கழற்றியது என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை பின்னால் இருந்தார் என்பதால் காற்றுத்தான் தள்ளியிருக்கும் என்று அவரவரே முடிவுசெய்துகொண்டார்கள். அப்படி நினைப்பதில் தங்கைக்கு ஓர் ஆறுதல் இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

விட்டதுதான் வினையாகிவிட்டது. அப்புறம் உங்கள் வண்டிச் சோதனைக்காரர் வந்தார். நல்ல மனிதர்தான், கொஞ்சம் அவசரக்காரர். பையிலிருந்து கைக்கு வந்த உறையை எடுத்தார். ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் மாட்டினார். மேலிருந்து கீழாக மாட்டினார். இரும்புக் கை பிளவுக்குள் உட்காரவில்லை; அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, நாடாவை அடியில் தொங்கலாக ஒரு கட்டுக் கட்டினார். பெரிய மின்விசிறி ஒன்றைத் திருப்பி வைத்தார். உறை ஆடிற்று, நழுவிற்று, விழுந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். நீங்களும் ஆட்டினீர்கள்.

அது எதிர்ப்பக்க உறை, ஐயா. அதில் பொத்தான் இல்லை. கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டே நான் பார்த்தேன். இடது காலணியை வலது காலில் போட்டிருக்கிறீர்கள் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்; என்னால் சொல்ல முடியவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால், அப்படியானால் எப்படி விழுந்தது என்று அடுத்த கேள்வி வரும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் உறையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே, வீட்டில் தைத்த சரக்கு, பிடிமானம் போதவில்லை என்றார். என் வாழ்க்கையில் என் வேலையைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். வெளியாள் சொன்னது. முந்தாநாள் தங்கை என் அறைக்கு வந்தாள். நடந்ததற்குப் பிறகு அவள் ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை, ஆள் பாதியாகிவிட்டாள். தையல் மிஷின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இன்னமும் கைகளை விரித்து விரித்துப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது அவளுக்கு.

“உம்மேல எனக்குக் கோவம் இல்லண்ணா,” என்றாள். “நீ வேணும்னா அப்படித் தச்சே? துணிதானே, ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் விட்டுரும்.”

நான் மிஷினில் தொங்கிய நூலைச் சுற்றி வைத்தேன்.

“அவருக்கும் கோவம் இருக்காது. கடைசியில உன் முடிச்ச என்கிட்டதான் கத்துக்கிட்டாரு, தெரியுமா? நீ ஒரு தடவையாவது சபாஷ்னு சொல்லணும்னு சமையல் மேடைக் கால்ல கட்டிக் கட்டிப் பாத்தாரு.”

இதை முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா? எல்லாம் முடிந்த பிறகு சொன்னால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, நீ மனசுல எதையும் வச்சிக்காதண்ணா என்றாள். என்னை மன்னித்துவிட்டுப் போனாள், ஐயா. நான் செய்யாத ஒன்றுக்காக. சரியாகத் தைக்கவில்லை என்பதற்காக. நானும் அன்றிலிருந்து தூங்கவில்லை. செய்த காரியத்தைச் சொல்லித் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு ஒரு மனிதன் எப்படி இருப்பது?

அதனால் அந்த நேரத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாப்பிள்ளை எதிர்ப்பக்க உறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போனார். போகிற வழியில், வண்டியிலிருந்து இறங்கி வந்த என்னைப் பார்த்து நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“டிரைவர் சைடு போய்ப் பாருங்க மச்சான். இன்னைக்கு நீங்க ஒரு குத்தமும் சொல்ல முடியாது.”

வழக்கம்போல ஏதோ விளையாட்டு என்றுதான் நினைத்தேன். அவிழ்த்துத் திரும்பக் கட்டலாம் என்று முன்னால் போனேன். உறையை விலக்கி விரலை விட்டுப் பார்த்தேன், கண்ணாடி துடைத்திருந்தது. உள்விளிம்பைத் தடவினேன், பொத்தான் இருந்தது. இரும்புக் கை பிளவுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. வெல்க்ரோ முனைக்கு முனை சரியாக ஒட்டியிருந்தது. நாடா சுற்று தளரவில்லை, குட்டை நுனி நிற்க வேண்டிய நீளத்துக்கு நின்றது. அச்சு அசலாக என் முடிச்சு. நான் கட்டியிருந்தால்கூட அதைவிட நன்றாக வந்திருக்காது. எங்கேயாவது ஒரு குறை கிடைக்காதா என்று மறுபடி தேடினேன். கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்த மனிதருக்கு எல்லாம் தெரியும், தெரிந்துகொண்டே இத்தனை காலம் என்னை ஒவ்வொரு வண்டியாக அலையவிட்டிருக்கிறார், இன்றைக்கும் எனக்குச் சொல்ல ஒரு வார்த்தை இல்லாமல் பண்ணிவிட்டுச் சிரிக்கிறார் என்றுதான் பட்டது. தெரியாமல் செய்கிறவரைப் பொறுத்துக்கொள்ளலாம். இவரை எப்படிப் பொறுப்பது? அந்த ஷெட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு வேலைதான். அதையும் போகிற போக்கில் எடுத்துக்கொண்டார். அழுகைகூட வந்தது எனக்கு.

அவர் தப்பாகக் கட்டியிருந்தால் நான் அவிழ்த்துச் சரியாகக் கட்டிவிட்டு உள்ளே போயிருப்பேன். மாப்பிள்ளையும் பிழைத்திருப்பார். எப்போதும் தப்பாகக் கட்டுகிறவர் அன்றைக்குப் பார்த்துச் சரியாகக் கட்டிவைத்தார்.

குட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பு. உறையைக் கழற்றித் தரையில் போட்டேன். அதுவரை நான் தைத்த ஓர் உறையை நான் தரையில் போட்டதே இல்லை. அது ஒன்றுதான் அப்போது மனசைக் குத்தியது.

அவர் பின்னால் மண்டியிட்டிருப்பது எனக்குத் தெரியும். வால்வைத் திருகும் சத்தம் கேட்டது. ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பயமுறுத்தலாம் என்றுதான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. அது பொய்யாகிவிடும். பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாததா? தங்கை சாவியைச் சுழற்றிக்கொண்டே வந்தாள். நான் கண்ணாடிப் பக்கத்திலேயே நின்றேன்.

“எடுக்கலாமாண்ணா?” என்று கேட்டாள்.

“கண்ணாடியைப் பாரும்மா,” என்றேன்.

எப்போதும் சொல்வதைத்தான் சொன்னேன். கூட ஒரு வார்த்தை இல்லை, குறைய ஒரு வார்த்தை இல்லை. அவள் பார்த்தாள். ஏறினாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கூட விட்டாள் என்று நினைக்கிறேன். வண்டி பின்னுக்குப் போனபோது நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கீழே கிடந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ஓரத்தில் மண் ஒட்டியிருந்தது.

இப்போது புரிந்திருக்கும். துணியில் குறை இல்லை. தையலில் குறை இல்லை. கட்டியவரிடமும் அன்றைக்குக் குறை இல்லை. அதையும் சொல்லிவிடத்தான் வேண்டும், நியாயம் நியாயம்தானே. உறை விழவில்லை. நான் கழற்றினேன்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அந்தப் பையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பொத்தான் உள்ள உறையை எடுத்துக் கொடுத்தால் நானே மாட்டிக் காட்டுகிறேன். எத்தனை விசிறி வேண்டுமானாலும் வையுங்கள். அந்தச் சோதனைக்காரரும் பக்கத்தில் இருக்கட்டும். முக்கியமாக என் தங்கையைக் கூப்பிடுங்கள். அவள் கண்ணால் பார்க்க வேண்டும். பாவம், அண்ணன் தைத்தது சரியில்லை, அதனால்தான் அவர் போய்விட்டார் என்று நினைத்து நினைத்து உருகிக்கொண்டிருக்கிறாள். அது தானாக விழவில்லை என்று தெரிந்தால் அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.